கையகல அச்சு எந்திரம்: வேலைக்குப் போய்க்கொண்டே எச்சிங் போட நினைப்பவர்களுக்கு

ஓவியக் கல்லூரியில் பெயிண்டிங் படித்தவர், படிப்பு முடிந்ததும் ஒரு கேன்வாஸும் நாலு தூரிகையும் வாங்கிக்கொண்டு வீட்டிலேயே வேலையைத் தொடரலாம். அச்சுக்கலை படித்தவருக்கு அந்த வசதி கிடையாது. எச்சிங் என்பது உலோகத் தகட்டில் (பிளேட்) கோடு கீறி, அமிலத்தால் அரித்து, அதில் மையை நிரப்பித் தாளில் எடுக்கும் முறை. பிளேட்டில் கீறிய கோட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் மையைத் தாளுக்கு இழுத்து வர அழுத்தம் வேண்டும். லினோலியம் பலகையைச் செதுக்கி அச்சிடும் லினோகட் மாதிரி கரண்டியால் தேய்த்தால் போதாது. இரண்டு உருளைகளுக்கு நடுவே வைத்து நசுக்க வேண்டும். அதற்கு பிரஸ் வேண்டும். கல்லூரிகளில் இருக்கும் இரும்பு எச்சிங் பிரஸ் நூற்றுக்கணக்கான கிலோ எடை, விலையும் லட்சங்களில். மதுரையில் நான் வாடகைக்கு இருக்கும் மாடி அறைக்கு அது படியேறாது. ஏறினாலும் தளம் தாங்குமா என்று வீட்டுக்காரம்மா கேட்பார், நியாயமான கேள்வி.

என்னோடு படித்தவர்களில் எச்சிங் நன்றாகப் போட்ட பலர் இன்று அதைத் தொடுவதே இல்லை. திறமை போய்விட்டது என்பதில்லை, பிரஸ் இல்லை. அவ்வளவுதான் காரணம். நான் பகலில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனர். காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா, கட்சி மாநாடு, கண்ணீர் அஞ்சலி என்று பத்தடி, இருபதடியில் முகங்களை வெட்டி ஒட்டுவது வேலை. மாதச் சம்பளம் வருகிறது, வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்ப முடிகிறது. இந்த வேலையை விடும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. எச்சிங்கை விடும் எண்ணமும் இல்லை. இரண்டையும் ஒரே அறைக்குள் வைத்துக்கொள்ள எனக்கு வழி செய்து கொடுத்த பொருளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அதன் பெயர் ஓப்பன் பிரஸ். ஜெர்மனியின் கொலோன் நகரத்து வடிவமைப்பாளர் மார்ட்டின் ஷ்னைடர் வடிவமைத்தது. பெரிய எச்சிங் பிரஸ்ஸின் எல்லா உறுப்புகளும் இதில் உண்டு: மேலும் கீழும் இரண்டு உருளை, நடுவே ஓடும் படுக்கைத் தட்டு, அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகுகள், சுற்றக் கைப்பிடி. எல்லாம் உள்ளங்கையில் வைத்துப் பார்க்கும் அளவில். முழுக்க பிளாஸ்டிக், திரீடி பிரிண்டரில் அச்சிட்டு எடுப்பது. இதன் கோப்புகளை அவர் இலவசமாகத் திறந்து விட்டிருக்கிறார். யார் வேண்டுமானாலும் இறக்கி, தங்கள் ஊரிலேயே செய்துகொள்ளலாம். செய்து விற்று வியாபாரம் பண்ணத்தான் கூடாது. பிரஸ் இல்லாததால் நின்றுபோகிற கைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன என்று நினைத்து ஒருவர் இதைப் பொதுவில் வைத்தாரே, அதற்காகவே அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

நான் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கவில்லை. கோப்புகளை ஒரு பென்டிரைவில் போட்டு, பொறியியல் மாணவர்களுக்கு புராஜெக்ட் உதிரிகள் செய்து தரும் ஒரு திரீடி பிரிண்ட் கடையில் கொடுத்தேன். கிராம் கணக்கில் காசு. போல்ட், நட்டு எல்லாம் ஹார்ட்வேர் கடையில் தனியாக வாங்கியது. மொத்தத்தில் மூவாயிரத்தைக் கொஞ்சம் தாண்டியது. "இது என்னக்கா, சப்பாத்தி மிஷினா?" என்று கடைத்தம்பி கேட்டார். எச்சிங் பிரஸ் என்று சொல்லி, அடுத்த வாரம் முதல் அச்சைக் கொண்டுபோய்க் காட்டினேன். தன் கடையில் செய்த ஒரு பொருள் படம் அச்சடிக்கிறது என்பதில் அவருக்கு வந்த சந்தோஷம் என் சந்தோஷத்துக்குக் குறையாதது.

சரி, அச்சு எப்படி விழுகிறது?

நன்றாக விழுகிறது. இதைத் தயங்காமல் சொல்கிறேன். மெல்லிய கோடு தெளிவாக வருகிறது. டிரைபாயிண்டில் (அமிலம் இல்லாமல் ஊசியால் நேராகக் கீறும் முறை) ஊசி கீறும்போது கோட்டின் ஓரத்தில் எழும்பும் சிம்பு மையைப் பிடித்துக்கொண்டு ஒரு வெல்வெட் கருமையைத் தரும். அந்தக் கருமைக்காகத்தான் நாங்கள் டிரைபாயிண்ட் போடுகிறோம். அது இந்தச் சிறிய பிரஸ்ஸிலும் வருகிறது. பிளேட்டின் விளிம்பு தாளில் பதிந்து உண்டாக்கும் பள்ளம்கூட விரலால் தடவினால் தெரிகிறது. அச்சைக் கையில் கொடுத்து எந்த பிரஸ்ஸில் போட்டது என்று கேட்டால், எச்சிங் தெரிந்தவர்கூடச் சொல்வது கடினம்.

ஆனால் அளவு. தட்டின் அகலம் சுமார் 7 சென்டிமீட்டர்தான். வாங்கும் முன்பு இதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும்: பிளேட் மட்டுமில்லை, தாளும் அந்த அகலத்துக்குள்தான் போயாக வேண்டும். படத்தைச் சுற்றி வெள்ளை ஓரம் வேண்டுமென்றால் பிளேட் இன்னும் சிறுத்துவிடும். நான் 5 சென்டிமீட்டர் அகலம், 9 சென்டிமீட்டர் உயரம் என்று ஒரு கணக்கில் நின்றுவிட்டேன். தாள் 7-க்குப் பன்னிரண்டரை. இதைத் தாங்கிக்கொள்ள முடியாதவர்கள் இந்தப் பொருளை வாங்க வேண்டாம்.

எனக்கு இந்த அளவோடு சண்டை இல்லை, அதற்கொரு காரணம் உண்டு. ரெம்பிராண்ட் 1630-இல் தன் முகத்தையே எச்சிங் போட்ட ஒரு படம் இருக்கிறது. தொப்பி வைத்துக்கொண்டு, கண்ணை விரித்து, வாயைப் பாதி திறந்து, எதையோ கண்டு திடுக்கிட்ட முகம். அதன் உயரம் 5 சென்டிமீட்டரும் சொச்சமும், அகலம் 5-க்கும் குறைவு. அப்போது அவருக்கு வயது 24-ஐ ஒட்டித்தான். நான்கு நூற்றாண்டு ஆகப்போகிறது, அந்த முகம் இன்னும் திடுக்கிட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த பிளேட் என் பிரஸ்ஸில் தாராளமாக ஓடும். பெரிய சுவர் இருந்தால்தான் பெரிய கலை என்று கல்லூரி நாட்களில் எங்கள் எல்லோருக்கும் ஒரு நினைப்பு உண்டு. கண்காட்சிக்குப் போனால் முதலில் அளவைத்தான் பார்ப்போம். பகல் முழுக்க இருபதடி முகங்களோடு வேலை செய்கிறவளாகச் சொல்கிறேன், அளவு தானாக எதையும் தந்துவிடாது.

பிளேட்டுக்கு வருவோம். கல்லூரியில் துத்தநாகத் தகடும் செப்புத் தகடும் கொடுத்தார்கள், அமிலத் தொட்டி இருந்தது, புகை போக்கியும் இருந்தது. வீட்டில் அமிலம் வைத்துக்கொள்வது பற்றிப் பேச்சே இல்லை. சமையலும் படுக்கையும் ஒரே அறையில் இருக்கும்போது அதை நினைக்கவும் கூடாது. அதனால் அமிலம் தேவைப்படாத டிரைபாயிண்ட் ஒன்றுதான் வழி. ஊசியால் நேராகக் கீறுவது. கோணி தைக்கும் ஊசியின் முனையைத் தீட்டி, தடித்த மெக்கானிக்கல் பென்சிலில் செருகிக்கொண்டேன். கை வாகாக இருக்கிறது.

தகட்டுக்குப் பதில் டெட்ரா பேக். ஒரு லிட்டர் பாலோ ஜூஸோ வரும் அந்த அட்டைப் பெட்டியைப் பிரித்துக் கழுவித் துடைத்தால் உள்பக்கம் வெள்ளி மாதிரி மின்னும். பெட்டியில் முக்கால்வாசி அட்டை. மீதி பிளாஸ்டிக் படலமும், நடுவில் மிக மெல்லிய அலுமினியத் தாளும். அந்த வெள்ளிப் பக்கத்தில் ஊசியால் கீறினால் படலம் கிழிந்து அட்டை வெளியே தெரியும். மை அந்தக் கீறலில் ஏறும், மற்ற இடம் வழவழப்பாக இருப்பதால் துடைத்தால் போய்விடும். கத்தி முனையால் படலத்தை ஒரு பரப்பு முழுக்க உரித்தெடுத்தால் அந்த இடம் முழுவதும் அட்டை மையைக் குடித்து, அடர்ந்த கறுப்பாக அச்சாகும். இரவு வானம், நிழல், தலைமுடி எல்லாம் இப்படித்தான் போடுகிறேன். ஓரத்தில் அட்டை திறந்திருக்கும். அங்கே மை ஊறி அச்சில் அழுக்காகத் தெரியாமலிருக்க, மரச்சாமானுக்குப் பூசும் ஷெல்லாக் பாலிஷை ஒரு கோடு இழுத்துக் காயவிட வேண்டும். இது உலகம் முழுக்க அச்சுக்கலைஞர்கள் செய்கிற முறைதான், என் கண்டுபிடிப்பு இல்லை. டெட்ரா பேக் பிளேட் சீக்கிரம் களைத்துவிடும் என்பது ஒன்றுதான் குறை. ஒரு பிளேட்டிலிருந்து பத்துக்கு மேல் நல்ல அச்சு எதிர்பார்க்கக் கூடாது. அதனால் என் எடிஷன்கள் (ஒரே பிளேட்டிலிருந்து எடுக்கும் அச்சுகளின் தொகுப்பு) எல்லாம் எட்டோடு நின்றுவிடுகின்றன.

இன்னும் கொஞ்சம் உழைக்கும் பிளேட் வேண்டுமென்றால் அக்ரிலிக். பெயர்ப்பலகைக்கு வெட்டி மிஞ்சும் மெல்லிய துண்டுகள் எங்கள் கடையில் ஒரு பெட்டி நிறையக் கிடக்கும். ஓனர் அண்ணனிடம் கேட்டேன், "எடுத்துக்கம்மா, குப்பைக்குத்தானே போகுது" என்றார். கண்ணாடி மாதிரி இருப்பதால் ஓவியத்தின் மேலேயே வைத்துக் கீறலாம். ஆனால் நாலு விளிம்பையும் அரத்தால் சாய்வாக ராவியே தீர வேண்டும். இல்லாவிட்டால் தாளையும் கம்பளியையும் அறுத்துவிடும். இந்தச் சின்ன உருளைகளுக்கும் அந்தக் கூர்மை ஆகாது. அச்சு இடவலம் மாறி விழும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. பேருந்தின் பெயர்ப்பலகையைப் போட்டால் எழுத்தைத் திருப்பிக் கீற வேண்டும். எனக்கு அதில் சிரமமில்லை, ஃப்ளெக்ஸ் கடை பழக்கிவிட்டது.

கம்பளியைச் சொன்னேன் அல்லவா, அதில் சிக்கனம் பார்க்காதீர்கள். தாளுக்கு மேல் போடும் ஃபெல்ட் துணிதான் ஈரத்தாளைக் கீறலுக்குள் தள்ளி மையை எடுத்து வருகிறது. கைவினைக் கடைகளில் கிடைக்கும் கலர் ஃபெல்ட் பெரும்பாலும் பாலியெஸ்டர். அது ஒரு தடவை நசுங்கினால் திரும்ப எழும்பாது. ஆட்டு ரோமத்தில் செய்த கம்பளி ஃபெல்ட் நசுங்கி எழும்பும், ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். சின்ன பிரஸ்தானே, ஒரு துண்டு போதும். பிரஸ் செய்யும் முன்பே இதைத் தேடி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தாள். என் பணத்தில் பெரும்பகுதி தாளுக்குத்தான் போகிறது, அதிகம் கற்றுக்கொண்டதும் அதைப் பற்றித்தான். டிரைபாயிண்டுக்குப் பஞ்சுத்தாள் வேண்டும், மரக்கூழ்த் தாள் சரிப்படாது. ஈரமாக்கினால் பஞ்சு நார் மெத்தென்று ஆகிக் கோட்டுக்குள் இறங்கும். முழுப் பஞ்சில் செய்த 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) தாள் முழு ஷீட் விலையைக் கேட்டால் சம்பளக்காரிக்குத் தலை சுற்றும். ஆனால் அந்த 22-க்கு 30 அங்குல ஷீட்டை என் அளவுக்குக் கிழித்தால் 48 துண்டு வருகிறது. நாற்பத்தெட்டு! கல்லூரியில் அதே தாள் ஒன்றில் ஒரு படம் போட்டு, அது கெட்டுப்போனால் மனசு உடைந்து உட்கார்ந்திருப்போம். இப்போது ஒரு ஷீட் ஆறு எடிஷனுக்கு வருகிறது. உலகத்தின் எந்த நல்ல தாளையும் என்னால் வாங்க முடியும் என்கிற நிலைக்கு இந்தச் சின்ன அளவு என்னைக் கொண்டு வந்திருக்கிறது. அது எனக்குப் பெரிய விடுதலை.

நம் பக்கத்துத் தாளும் குறைந்ததில்லை. பனியன் துணி வெட்டில் மிஞ்சும் பருத்தியிலிருந்து கையால் செய்கிற தாளில் நார் நீளமாக இருக்கும், உரமாக நிற்கும். புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் தொழிற்கூடம் 1959-இலிருந்து நடக்கிறது. அந்தப் பக்கம் போனால் தாளைத் தொட்டுப் பார்ப்பதற்காகவே ஒரு நடை போய்வாருங்கள். கைத்தாளில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பசை அதிகம் போட்ட தாள் தண்ணீரில் நெடுநேரம் ஊற வேண்டும், பசை குறைந்த தாளை ஊறப்போட்டால் பிய்ந்துவிடும். இரண்டாவது வகைக்கு ஸ்பிரேயரால் லேசாகத் தெளித்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, பாலிதீன் கவருக்குள் வைத்து மேலே ஒரு புத்தகத்தை வைத்துவிடுங்கள். காலையில் எல்லாத் தாளிலும் ஈரம் ஒரே சீராகப் பரவியிருக்கும். கன்னத்தில் வைத்தால் குளிர வேண்டும், தண்ணீர் பளபளப்பு தெரியக்கூடாது. அந்தப் பதம்தான். மதுரை வெயிலில் இரண்டு நாளுக்கு மேல் கவரில் கிடந்தால் பூஞ்சை பிடித்துவிடும், ஆகவே அச்சடிக்கும் முந்தின இரவில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

என் வாரமே இப்போது இப்படி ஆகிவிட்டது. கீறுவதை எங்கேயும் செய்யலாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிடைக்கும் அரைமணி, ஊருக்குப் போகும் பேருந்து நிற்கிற நேரம், எதிலாவது கொஞ்சம் நடக்கும். பிளேட் சட்டைப்பையில் கொள்ளும். சனி இரவு தாளை நனைத்து அடுக்குவேன். ஞாயிறு காலை அச்சு. பெரிய பிரஸ் என்றால் எல்லாவற்றையும் அது இருக்கும் இடத்துக்குத் தூக்கிப் போய், கிடைத்த நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். இங்கே வேலையைத் துண்டு போட்டு நாட்களுக்குள் செருகிவிடலாம். சம்பள வேலை பார்க்கிற ஒருவருக்கு இந்த பிரஸ் தருகிற மிகப் பெரிய உதவி இதுதான். கரண்ட் வேண்டாம், சத்தம் இல்லை. நள்ளிரவில் சுற்றினாலும் பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்திருக்காது.

மையைப் பற்றிக் கொஞ்சம். எச்சிங்குக்கென்றே வரும் எண்ணெய் மை விலை அதிகம், ஆனால் ஒரு டப்பா இந்த அளவில் நெடுங்காலம் வரும். கிடைக்காத நாட்களில் ஆஃப்செட் அச்சகத்தின் கறுப்பு மையில் கொஞ்சம் சாக்பொடியைக் குழைத்துக் கெட்டியாக்கிக்கொள்ளலாம். கறுப்பு கொஞ்சம் மட்டுப்படும், மற்றபடி நன்றாகவே இருக்கும். துடைக்க டார்லட்டன் துணி வேண்டும் என்பார்கள். கண் பெரிதாக உள்ள சல்லாத் துணியைச் சோற்றுக் கஞ்சியில் முக்கி, காயவைத்து, கொஞ்சம் கசக்கிக்கொண்டால் அதே வேலையைச் செய்கிறது. கஞ்சி போட்ட துணி மையை மேலாக வழித்து எடுக்கும், கோட்டுக்குள் இருப்பதைத் தோண்டாது. கடைசியில் பழைய டெலிபோன் டைரக்டரித் தாளை உள்ளங்கையில் வைத்துப் பூப்போல ஒரு துடைப்பு. வேலை முடிந்ததும் டர்பன்டைனோ மண்ணெண்ணெயோ தேவையில்லை. சமையல் எண்ணெயை விட்டுத் துடைத்து, பிறகு பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரால் துடைத்தால் மை முழுவதும் போய்விடுகிறது. படுக்கிற அறையில் வாடை வராது என்பதை அச்சுக்கலைஞர்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பல வருடம் மூச்சில் போகிற விஷயம் அது.

குறைகளையும் சொல்ல வேண்டும்.

முதலாவது, அழுத்தம். பிளாஸ்டிக் உருளை இரும்பு உருளை ஆகாது. அட்டை, அக்ரிலிக், மெல்லிய தகடு எல்லாம் சரியாக வரும். தடித்த கொலோகிராஃப் (பொருட்களை ஒட்டி மேடுபள்ளமாகச் செய்த பிளேட்), ஆழமாக அரித்த எச்சிங் பிளேட் போன்றவற்றை இதில் திணிக்கக் கூடாது. திருகை மேலும் மேலும் முறுக்கினால் உடைவது பிரஸ்தான். இரண்டு பக்கத் திருகும் ஒரே அளவு இறங்க வேண்டும், இல்லையென்றால் அச்சின் ஒரு பாதி கறுத்து மறுபாதி வெளுத்துவிடும். திருகின் தலையிலும் சட்டத்திலும் மார்க்கரால் கோடு போட்டு வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்குத் திரும்ப வரலாம்.

இரண்டாவது, சூடு. திரீடி பிரிண்ட் கடைகளில் வழக்கமாகப் போடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும். நம் ஊர் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழேயோ, நிறுத்தி வைத்த காருக்குள்ளோ இதை விட்டுவிட்டுப் போனால் சட்டம் வளைந்துவிடும். பிஇடிஜி என்றொரு பிளாஸ்டிக் இருக்கிறது, அது இன்னும் கூடுதலான சூட்டைத் தாங்கும், விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. கடையில் அதையே கேளுங்கள். அழுத்தத்திலேயே வைத்திருந்தாலும் பிளாஸ்டிக் மெல்ல மெல்லத் தளரும், அதனால் அச்சு முடிந்ததும் திருகைத் தளர்த்திவிட்டுத்தான் எடுத்து வைக்க வேண்டும்.

மூன்றாவது குறை பிரஸ்ஸினுடையது இல்லை. தனியாக வேலை செய்ய வேண்டியிருக்கிறது. கல்லூரி பிரஸ் அறையில் ஒருத்தி சக்கரத்தைச் சுற்ற, இன்னொருத்தி தாளைத் தூக்க, நாலு பேர் சுற்றி நின்று அச்சு பிரிவதைப் பார்ப்போம். கோடு எங்கே செத்திருக்கிறது என்று யாராவது சொல்வார்கள். அது இந்த அறையில் கிடைக்காது. சென்னை கிரீம்ஸ் ரோட்டில் லலித் கலா அகாடமியின் மண்டல மையம் இருக்கிறது. அச்சுக்கலைக்கென்று அங்கே ஸ்டூடியோ உண்டு, பெரிய பிரஸ்ஸும் கூட வேலை செய்யும் மனிதர்களும் உண்டு. சென்னையில் இருக்கும் இளைய கலைஞர்கள் அதைத் தவறவிடக் கூடாது. மதுரை, திருநெல்வேலி, கோவையில் வேலைக்குப் போகும் ஒருவருக்கு அது எட்டாத தூரம். மாவட்டத்துக்கு ஒரு பொது ஸ்டூடியோ, மாலை ஆறு மணிக்குப் பிறகும் திறந்திருக்கிற ஒன்று வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நூலகம் இருக்கிற மாதிரி பிரஸ் இருக்கக் கூடாதா? கையகல பிரஸ் இருப்பதால் அந்தத் தேவை குறைந்துவிட்டதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வேலையையும் கலையையும் சேர்த்து நடத்துவது தோல்வி என்று நினைக்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களிடம் நான் சோழமண்டலத்தைச் சொல்வேன். 1966-இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்த ஓவியர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரம் ஒரு கிராமத்தையே அமைத்தார்கள். பாத்திக் துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்று, அதில் வந்த காசில்தான் ஓவியமும் சிற்பமும் செய்யும் நேரத்தைச் சம்பாதித்தார்கள். நம் நாட்டு நவீன ஓவியத்தில் பெயர் பெற்ற கைகள் அவை. பிழைப்புக்கு ஒன்று, மனசுக்கு ஒன்று என்பதை அவர்கள் வெட்கப்பட்டுச் செய்யவில்லை, திட்டம் போட்டுச் செய்தார்கள். அம்மா போனில் "படம் போட்டு என்ன வருது?" என்று கேட்கும்போது நானும் இப்போது கணக்கோடு பதில் சொல்கிறேன்.

அந்தக் கணக்கு இது. தாள், மை, துணி எல்லாம் சேர்த்து ஒரு அச்சுக்குச் சில பத்து ரூபாய்க்கு மேல் ஆவதில்லை. ஃபிரேம் இல்லாமல் 300 ரூபாய்க்கு விற்கிறேன். என் கடைக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர், பள்ளிக்கூட டீச்சர், முதல் சம்பளம் வாங்கிய ஒரு பையன் என்று வாங்குகிறவர்கள் இப்படிப்பட்டவர்கள். அசல் ஓவியம் ஒன்றை வாழ்க்கையில் முதல்முறையாக வாங்குகிறார்கள். பெரிய படத்தை இவர்களில் யாரும் வாங்கியிருக்க முடியாது, மாட்டச் சுவரும் இருந்திருக்காது. அட்டைக்கு நடுவே வைத்துச் சாதாரணக் கவரில் அனுப்பிவிடலாம். ஃபிரேம் போட விரும்பினால் ஒரு யோசனை: தாளின் ஓரத்தை மறைக்காமல், பெரிய மவுண்ட் அட்டையின் மேல் மிதக்கிற மாதிரி ஒட்டச் சொல்லுங்கள். சின்ன அச்சுக்குச் சுற்றிலும் வெறுமை எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. இந்த வருமானத்தில் வாடகை கட்ட முடியாது. அடுத்த தாளையும் மையையும் அச்சே வாங்கிக் கொடுத்துவிடுகிறது, சம்பளத்தில் கை வைக்க வேண்டியதில்லை. எனக்கு அது போதும்.

போட்ட படங்களில் எனக்குப் பிடித்தது மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் வரிசை. விடியும் முன்பே மல்லிகை மூட்டைகள் இறங்கும் இடம். முகங்களை விட்டுவிட்டுக் கைகளை மட்டும் போட்டேன்: எடை போடும் கை, நார் சுற்றும் கை, பணம் எண்ணும் கை. ஒவ்வொரு பிளேட்டிலும் ஒரே ஒரு கை. பெரிய தாள் இருந்திருந்தால் மார்க்கெட் முழுவதையும் போட்டிருப்பேன். அளவு சுருங்கியதால் எதைப் பார்க்க வேண்டும் என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது, எடுத்த முடிவு படத்துக்கு நன்மையாக முடிந்தது. எப்போதும் இப்படி நடக்கும் என்று சொல்லமாட்டேன். வைகையின் அகலத்தை இந்த அளவில் கொண்டுவர இன்னும் எனக்குக் கைவரவில்லை. அதற்குப் பெரிய பிளேட்தான் வேண்டும், ஒரு நீண்ட விடுப்பில் சென்னை போய்ப் போடுவேன்.

யார் வாங்கலாம்? கோட்டு வேலை பிடித்தவர்கள், எச்சிங் படித்துவிட்டு இடமில்லாமல் நிறுத்தியவர்கள், விடுதியில் இருக்கும் மாணவர்கள், மாணவர்களுக்கு அச்சுக்கலையைக் காட்ட நினைக்கும் ஓவிய ஆசிரியர்கள். வகுப்புக்கு இது மிக நல்லது. பையில் போட்டுக் கொண்டுபோய் ஒரு பீரியடுக்குள் பிள்ளைகள் எல்லோரையும் ஒரு சுற்றுச் சுற்ற வைக்கலாம். லினோகட், மரச்செதுக்கு மட்டும் செய்கிறவர்களுக்கு இது தேவையே இல்லை, நல்ல மரக் கரண்டி ஒன்று போதும், அதில் இதைவிடப் பெரிய படமும் போடலாம். நிறைய வண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்த நினைப்பவர்களுக்கும் இந்த அளவில் பொறுமை சோதிக்கப்படும்.

செய்யக் கொடுப்பவர்கள் கடையில் மூன்று விஷயம் சொல்லுங்கள்: பிஇடிஜி பிளாஸ்டிக், உருளைகளுக்கு உள்நிரப்பு (உள்ளே பிளாஸ்டிக் நிறைந்திருக்கும் அளவு) அதிகம், உருளையின் மேல்பரப்பில் அடுக்குக் கோடுகள் எழும்பாமல் இருக்க வேண்டும். எழும்பியிருந்தால் நைஸான உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்துச் சமன்படுத்திய பிறகே பூட்டுங்கள், இல்லாவிட்டால் அந்த வரிகள் ஃபெல்ட்டையும் தாண்டி அச்சில் தெரியும்.